இடம் சுற்றிய முறுக்கு

கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து மாவைக் கிள்ளுகின்றன. கிள்ளிய மாவு விரல்களுக்கு நடுவே ஒரு தரம் உருண்டு, ஒரு முறுக்கு விழுந்து, துணிமேல் படிகிறது. மறுபடி உருளல், மறுபடி முறுக்கு. வெள்ளைத் துணியில் ஒரு வட்டம், அதை உரசிக்கொண்டு அடுத்த வட்டம். கயிற்றுப் புரி போல விழுந்திருக்கும் வரிகளுக்கு நடுவே ஓர் அரிசி அகலம்கூட வித்தியாசம் இல்லை. நான்காவது சுற்று முடிந்ததும் கை சற்றே நின்று, தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தில் விரல் நுனியை நனைத்துக்கொண்டு திரும்பி வருகிறது. இடது கை. கடிகார முள் போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக அது சுற்றிக்கொண்டே போகிறது.

"பத்மா" என்றாள் விசாலாக்ஷி.

போன் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சைனப் நிமிர்ந்தாள். "யாரு மாமி?"

"என் தங்கை. இது பத்மஜாவோட கை. எங்கேர்ந்து எடுத்தே இதை?"

"இது நீங்கதான் மாமி. உங்க போன்ல கிடந்த வீடியோ. நான்தான் திருப்பிப் போட்டிருக்கேன், கண்ணாடியில தெரியுத மாதிரி. இனி இடது கையில பழகப் போறியள்லா, பாத்துச் செய்ய லேசா இருக்கும்னு." சைனப் திரையில் இரண்டு விரல்களை வைத்து மணிக்கட்டைப் பெரிதாக்கினாள். "இந்தா, எண்ணெய் தெறிச்ச தழும்பு. உங்களுதுதானே?"

விசாலாக்ஷி குனிந்து, மடியில் கிடந்த தன் வலது கையைப் பார்த்தாள். அதே தழும்பு அங்கேயும் இருந்தது. திரையில் அது வேலை செய்துகொண்டிருந்தது. மடியில், யாரோ வைத்துவிட்டு எடுக்க மறந்த பொருள் போலக் கிடந்தது.

"அணைச்சுடு" என்றாள்.

ஐந்து மாதம் முன்பு, ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பிரஷ் கையிலிருந்து விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மாட்டுங்கா வீட்டுக்குத் திரும்பியபோது வாய்க்கோணல் சரியாகியிருந்தது. பேச்சும் மெல்ல மெல்ல வந்துவிட்டது. கால் இழுத்துக்கொண்டு நடந்தது. வலது கை மட்டும் வரவில்லை. அறுபத்து மூன்று வயதில், அறுபது வருஷம் உழைத்த கை.

சயான் பக்கத்து கிளினிக் ஒன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வந்தாள் சைனப். தாராவிப் பெண், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அவள் படித்தது ஆக்குபேஷனல் தெரபி. முதல் நாள் விசாலாக்ஷியின் கணவர் அனந்தநாராயணன், "பிசியோவும் இதுவும் ஒண்ணுதானேம்மா?" என்று கேட்டதற்கு, "அவங்க கையை அசைய வைப்பாங்க மாமா. நான் கைக்கு அதோட வேலையைத் திருப்பிக் குடுக்கணும்" என்றாள். பிறகு டேப்லெட்டை எடுத்து ஒரு பட்டியலைத் திறந்தாள். குளியல், புடவை கட்டுவது, போன் பேசுவது, பஸ் ஏறுவது. ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று விசாலாக்ஷி பத்துக்கு மார்க் போட வேண்டும்.

"காப்பி போடறதுக்கு எத்தனை குடுத்தே?" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார் அவர்.

"மூணு."

"நாப்பது வருஷமாக் குடிச்சவனுக்கு மூணு மார்க்தான்."

"இப்போ நீங்களே நன்னாப் போடறேளே. இனிமே நான் எதுக்கு?"

சைனப் சிரித்துக்கொண்டே, "பட்டியல்ல இல்லாதது ஏதாவது இருக்கா மாமி?" என்றாள்.

"கைமுறுக்கு. பத்துக்குப் பத்து. தை மாசத்துக்குள்ள."

தை மாதத்தில் வந்தனாவுக்குக் கல்யாணம். பத்மஜாவின் ஒரே பெண். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தட்டுத் தட்டாகக் கொடுக்கும் சீர் பட்சணத்தில் ஏழு சுற்று முறுக்கு ஐம்பத்தொன்று வைக்க வேண்டும். "பெரியம்மா கையால பண்ணித் தரேன்" என்று விசாலாக்ஷி சொல்லியிருந்தாள். சொன்ன இடம் பத்மஜாவின் கட்டில் ஓரம். பத்மஜா நிமோனியாவில் ஒன்பது நாள் கிடந்து, போன வருஷம் ஆவணியில் போய்விட்டாள். இப்போது மிச்சம் இருப்பது ஏழு வாரம், அந்த வாக்கு, ஓர் இடது கை.

சீர் முறுக்கைப் பிரதட்சிணமாகத்தான் சுற்ற வேண்டும், கோயிலை வலம் வருகிற மாதிரி. வலது கைக்காரர்கள் யாரும் இதைப் பற்றி நினைப்பதேயில்லை. அந்த வீட்டுக் கைப்பழக்கத்தில் கை தானாக அப்படிப் போகும். பத்மஜா இடது கைக்காரி. எழுதுவதையும் சாப்பிடுவதையும் அடித்து மாற்றினார்கள். முறுக்கை மாற்ற முடியவில்லை. அவள் சுற்றினால் அப்பிரதட்சிணமாக வந்தது. அந்தத் திசையில் சுற்றுவது சுடுகாட்டில்தான்.

அக்கா தங்கை இருவரும் சேர்ந்து கல்யாண ஆர்டர் எடுக்கத் தொடங்கிய புதிதில், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு சீர்த் தட்டில் பத்மஜாவின் முறுக்கு நாலைந்து கலந்துவிட்டது. மாப்பிள்ளையின் அத்தை ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏன்டி, இது கல்யாணத்துக்குப் பண்ணினதா, பத்தாம் நாளுக்குப் பண்ணினதா?" என்று சபையில் கேட்டாள். தட்டு திரும்பி வந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் விசாலாக்ஷி சட்டம் போட்டாள். மாவு பிசைவதும் உருட்டிக் கொடுப்பதும் பொரிப்பதும் பத்மஜா, சுற்றுவது நான்.

முப்பத்து நாலு வருஷம் அந்தச் சட்டம் நடந்தது. பத்மஜா செம்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்து மாவு பிசைந்தாள். கடைசியில் கொஞ்சம் மாவு மிஞ்சினால் துணியின் ஓரத்தில் ஒன்றிரண்டு சுற்றி வைப்பாள். விசாலாக்ஷி அதைப் பார்த்தால் கட்டை விரலால் அழுத்திக் கலைத்து, மாவோடு மாவாகச் சேர்த்துவிடுவாள். தட்டில் கலந்துவிடக் கூடாதே என்கிற கவனம்தான். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

இவ்வளவையும் சைனப்பிடம் அவள் சொல்லவில்லை. "வீடியோ சரி. ஆனா நான் இந்தத் திசையிலே சுத்த மாட்டேன். இடது கையாலேயே பிரதட்சிணமாச் சுத்தப் பழகிக்கறேன்" என்று மட்டும் சொன்னாள்.

"கைக்கு எது வருதோ அதை முதல்ல பிடிச்சுக்கிட்டா சீக்கிரம் வரும் மாமி."

"நீ சொல்றது சரியா இருக்கும். எனக்கு ஆகாது."

மூன்று முறை வந்தபோதும் சைனப் சமையலறை நிலைப்படியிலேயே நின்றாள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை. நான்காம் முறை விசாலாக்ஷி மாவுப் பாத்திரத்தைப் பார்த்தபடி, "உள்ள வா. வாசல்லேர்ந்து வீடியோ எடுத்தா என் முதுகுதான் தெரியும்" என்றாள். சைனப் செருப்பில்லாத காலை ஒருமுறை துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கை நழுவாமல் இருக்க மணிக்கட்டின் கீழே ரப்பர் விரிப்பு போட்டாள்; மாவைச் சற்று தளரப் பிசையச் சொன்னாள்; ஸ்டாண்டில் போனை நிறுத்தி ஒவ்வொரு முறுக்கையும் படம் பிடித்தாள். பிறகு திரையை ஓட்டி ஓட்டி, எந்தச் சுற்றில், எந்த விரல் நழுவும்போது மாவு முறிகிறது என்று குறித்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து, "கணக்கு சொல்லுதேன், கோவப்படாதிய" என்றாள். "வலப்பக்கமா சுத்தும்போது இருபதுல பதினாலு முறியுது. அதுவும் மூணாவது சுத்துல. கட்டை விரல் தள்ளணும், நீங்க இழுக்கீங்க. போன வெள்ளிக்கிழமை ஒரே ஒருதரம் மறந்துபோய் அந்தப் பக்கமா சுத்துனிய. அது முறியல."

"நான் சுத்தலே."

"வீடியோ இருக்கு மாமி."

"நான் சுத்தலேன்னா சுத்தலே" என்றாள் விசாலாக்ஷி. அவளுக்கு அது உண்மையாகவே நினைவில் இல்லை.

மத்தியானம் அனந்தநாராயணன் தூங்கும் நேரத்தில், அந்தத் திருப்பிப் போட்ட வீடியோவைத் தனியாகப் பார்க்க ஆரம்பித்தாள். பழகுவதற்காக என்று சொல்லிக்கொண்டாள். ஏழு நிமிஷ வீடியோ. இரண்டு வருஷம் முன்பு வாட்ஸப்பில் ஆர்டர் எடுப்பதற்காக வந்தனா பிடித்தது. சைனப் முதல் மூன்று நிமிஷத்தைத்தான் காட்டியிருந்தாள். ஐந்தாவது நிமிஷத்தில் திரையின் வலது ஓரத்திலிருந்து இன்னொரு கை உள்ளே வந்தது. பச்சை வளையல். உள்ளங்கையில் மாவு உருண்டை.

பத்மஜாவின் கை. அன்று அவள் இடது பக்கத்தில் உட்கார்ந்து, இடது கையால்தான் உருண்டையைக் கொடுத்திருப்பாள். இங்கே அது வலது கையாக வந்தது.

"போறுமா அக்கா?" என்றது போன்.

செயலி கைகளைத்தான் திருப்பியிருந்தது. குரலைத் திருப்ப அதற்குத் தெரியவில்லை. அடுத்தாற்போல் விசாலாக்ஷியின் குரலே கேட்டது. "வை, வை. பேசாதே, சுத்துக் கணக்கு விட்டுடும்." உருண்டையை வைத்துவிட்டு அந்த வலது கை ஓரமாக ஒதுங்கி மறைந்தது. இடது கை நிமிராமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

திரும்பவும் பார்த்தாள். சுற்றுகிறவள் இடது கைக்காரி, உருட்டிக் கொடுத்து ஒதுங்குகிறவள் வலது கைக்காரி. முப்பத்து நாலு வருஷம் நடந்தது அந்தச் சின்னத் திரையில் இடம் மாறி நடந்துகொண்டிருந்தது. அதட்டும் குரல் மட்டும் மாறவில்லை. அன்று நாலு தரம் பார்த்தாள். மறுநாள் எத்தனை தரம் என்று அவளுக்கே தெரியாது. ஐந்தாவது நிமிஷம் வரும்போதெல்லாம் அவளுடைய இடது கை தானாக முன்னால் நீண்டு, உள்ளங்கை மேலாக, உருண்டைக்குக் காத்திருந்தது.

"ராஜாத்தி மாதிரி போன் பாத்துண்டே இருக்கே" என்றார் அனந்தநாராயணன், மாலையில் காப்பியை வைத்தபடி. பிறகு தயங்கினார். "ஒண்ணு சொல்லட்டுமா? மத்தியானம் சித்த கண் அசந்தியோன்னோ. உன் இடது கை படுக்கை மேல சுத்திண்டே இருந்தது. விரிப்பைக் கிள்ளிக் கிள்ளி."

"எந்தப் பக்கமா?"

"என்ன கேள்வி இது?"

"எந்தப் பக்கமாச் சுத்தித்துன்னு கேக்கறேன்."

அவர் டம்ளரை அவள் இடது கைப் பக்கமாக நகர்த்திவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவள் எதிர்த்துப் போராடவில்லை. இனிக் கை போகிறபடி போகட்டும் என்று முடிவெடுத்தாளா, அல்லது களைத்துவிட்டாளா என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது. கை இடப்பக்கமாகச் சுற்றியது. நாலாவது சுற்று, ஐந்தாவது சுற்று, ஒரு வாரத்தில் ஏழாவது. சைனப்புக்கு ஒரே சந்தோஷம். "ஏக்தம் சூப்பர் மாமி" என்று திரையை ஓட்டிக்கொண்டு போனவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"முடிக்கும்போது என்ன செய்யுதிய? பழைய வீடியோவுல வால் நுனியைப் பக்கத்துச் சுத்தோட அழுத்தி ஒட்டுதிய. இப்போ அடியில மடிச்சு விடுதிய. இதை நான் சொல்லித் தரலையே. யாரு சொன்னா?"

விசாலாக்ஷி முறுக்கின் நுனியை விரலால் தொட்டாள். அடியில் மடித்து விடுவது ஒரே ஒருத்தியின் பழக்கம். அவள் சுற்றி விசாலாக்ஷி பார்த்ததெல்லாம் கலைப்பதற்கு முன்னால் ஒரு நொடி மட்டும்தான். அந்த ஒரு நொடியில் கண் இவ்வளவையும் எடுத்து வைத்துக்கொள்ளுமா?

"பயமா இருக்கு" என்றாள்.

"எதுக்கு மாமி?"

"இந்தக் கை என்னுது இல்லையோன்னு."

சைனப் கேலி செய்யவில்லை. அந்த இடது கையைத் தன் இரண்டு கைக்கும் நடுவில் எடுத்து, ஒவ்வொரு விரலாக அழுத்திக்கொண்டு வந்தாள். "வலிக்குதா? இங்கே? சூடு தெரியுதா? அப்ப உங்களுதுதான். யாரு கிட்ட படிச்சதுன்னு எனக்குத் தெரியல, அவ்வளவுதான்."

பழகிய முறுக்குகளைக் கலைத்து, அதே மாவில் மறுபடி சுற்றச் சொல்லியிருந்தாள் சைனப். விசாலாக்ஷி ஒன்றைக்கூடக் கலைக்கவில்லை. கலைக்கக் கட்டை விரலைக் கொண்டுபோனால் விரல் மேலேயே நின்றது. கடைசியில் எல்லாவற்றையும் பொரித்தார்கள். பொரித்தவர் அனந்தநாராயணன். போனில் நிமிஷக் கணக்கு வைத்துக்கொண்டு, மணி அடித்தால்தான் எடுப்பேன் என்று அடுப்பு முன்னால் காவல் நின்றார். கட்டடத்தின் மூன்று மாடியிலும் எல்லோரும் அந்த முறுக்கைச் சாப்பிட்டார்கள். யாரும் அதன் திசையைப் பார்க்கவில்லை.

"மார்க்கெட் பக்கத்திலே பட்சணக் கடையிலே கேட்டுட்டேன்" என்றார் அவர் ஒரு நாள். "அம்பத்தொண்ணு பண்ணிக் குடுத்துடுவா. சம்பந்தி டோம்பிவிலிக்காரா ரொம்ப ஆசாரமாம். எதுக்கு வம்பு?"

அவர் சொன்னது நியாயம்தான். அத்தனை பேர் நடுவில் ஒரு பேச்சு வந்தால் அது வந்தனாவின் தலையில் விழும்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை வந்தனா வந்தாள். துணிமேல் உலர்ந்துகொண்டிருந்த வரிசையைக் கண்டதும் கைப்பையைக்கூட வைக்காமல் நின்றாள்.

"பெரியம்மா, இது அம்மா பண்றாப்பல இருக்கே."

விசாலாக்ஷி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். இதைச் சொல்லத்தான் வேண்டும் என்று ஒன்றரை வருஷமாகத் தெரிந்திருந்தது. "உங்கம்மா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின வாரம், ஓரத்திலே ஒண்ணு சுத்தி வைச்சிருந்தா. பதினோரு சுத்து. அப்படி ஒண்ணு நான் சுத்தினதே இல்லை. எனக்கு ஒரு முறுக்குக்கு மாவு குறைஞ்சது. எடுத்துக் கலைச்சேன். அவ அங்கேயே உக்காந்துண்டிருந்தா."

"தெரியும்."

"சொன்னாளா?"

"சொல்லலே. அன்னிக்கு ஆத்துக்கு வந்து, சப்பாத்தி மாவுலே மறுபடி சுத்தினா. பதினொண்ணு. எனக்குக் காமிச்சா. அடிக்கடி பண்ணுவா பெரியம்மா, சப்பாத்தி மாவுலே. அப்புறம் அதையே சப்பாத்தியா இட்டுடுவா."

பத்மஜா தன்னைத் திட்டியிருந்தாள் என்று தெரிந்தால்கூடப் பரவாயில்லை என்று விசாலாக்ஷிக்குத் தோன்றியது.

"கடையிலே சொல்லிடலாமான்னு உங்க பெரியப்பா கேக்கறார்" என்றாள் கடைசியில். "இதை வைச்சா அவா ஏதாவது சொல்லுவா. உன்னைச் சொல்லுவா."

வந்தனா குனிந்து, ஒரு முறுக்கின் மடித்த நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க எதை வைச்சாலும் எனக்குச் சம்மதம். ஆனா யாராவது கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும். எனக்குச் சொல்லத் தெரியாது, அழுதுடுவேன்."

ஐம்பத்தொன்றையும் சுற்றி முடிக்க நாலு நாள் ஆயிற்று. சைனப் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்து ரப்பர் விரிப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடைசி இரண்டு நாள் போன் ஸ்டாண்டு காலியாக இருந்தது. வீடியோ தேவைப்படவில்லை. ஆனாலும் அவ்வப்போது விசாலாக்ஷி வலது பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அங்கே குளிர்சாதனப் பெட்டியும் அரிவாள்மணையும் மட்டும் இருந்தன.

செம்பூர் மண்டபத்தில் மாலை நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் சீர்த் தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். லட்டு, அதிரசம், பருப்புத் தேங்காய். முறுக்குத் தட்டு ஐந்தாவது. சம்பந்தி மாமி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து அங்கே நின்றாள். ஒரு முறுக்கை எடுத்தாள். விளக்குப் பக்கமாகப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏன் மாமி, இது சுத்து மாறியிருக்கே. கவனிச்சேளோ?"

பக்கத்திலிருந்த நாலைந்து பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். மேடை ஓரத்தில் வந்தனா அசையாமல் நின்றாள்.

"கவனிச்சேன்" என்றாள் விசாலாக்ஷி. "எனக்கு வலது கை போயிடுத்து. இது இடது கையால சுத்தினது. பொண்ணோட அம்மா இப்படித்தான் சுத்துவா. அவ உசிரோட இருந்தவரை சீர்த் தட்டுலே இதை வைக்க நான் விட்டதில்லை. தப்பு என்னுது. உங்களுக்கு வேண்டாம்னா இந்த ஒரு தட்டை மட்டும் நான் திருப்பி எடுத்துண்டு போறேன். குழந்தையை ஒண்ணும் சொல்லாதீங்கோ."

சம்பந்தி மாமி கையிலிருந்த முறுக்கைத் திருப்பி, அடியில் மடிந்திருந்த நுனியைப் பார்த்தாள். அதை இருந்த இடத்திலேயே, மற்றவற்றோடு சேர்த்து வைத்தாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டினாள்.

ஒற்றைக் கையால், அதுவும் இடது கையால் கொடுக்கக் கூடாது. அனந்தநாராயணன் முன்னால் வந்து, மனைவியின் வலது கையைத் தூக்கி, விரல்களைத் தட்டின் விளிம்பில் வைத்துவிட்டு விலகினார். அவை எதையும் பிடிக்கவில்லை, வெறுமனே இருந்தன. தட்டின் கனம் முழுவதையும் இடது கை அடியிலிருந்து தாங்கியது. விசாலாக்ஷி ஓர் அடி எடுத்து வைத்து, ஐம்பத்தொன்றையும் அப்படியே நீட்டினாள். எதிரிலிருந்த கைகள் தட்டை வாங்கிக்கொண்டன.